உலக வங்கியின் தொழில் தரவரிசை: பழசும் புதுசும்

நண்பர் ஒருவர் வேறொரு நாட்டில் சின்னதாகத் தொழில் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கே அனுமதியெல்லாம் சீக்கிரம் கிடைக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்றார். நான் போய் நின்றது உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்' அறிக்கை முன்னால். எந்த நாட்டில் தொழில் நடத்துவது எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்திய அறிக்கை அது. அதை 2021 செப்டம்பரிலேயே இழுத்து மூடிவிட்டார்கள். ஆனால் பழைய பதிப்புகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன, மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் அதிலிருந்துதான் எடுத்து விடுகிறார்கள். அதனால் செத்த பாம்பை அடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகம் நம்மை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம் என்ற யோசனையே பெரிய விஷயம். 2003இல் 133 நாடுகளோடு ஆரம்பித்தது, 2019இல் வந்த கடைசிப் பதிப்பில் (அதற்கு 2020 பதிப்பு என்று பெயர்) 190. ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்ய எத்தனை படி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று தனித்தனியாகப் பார்க்கலாம். நியூசிலாந்தில் ஒரே படி, அரை நாள். அதைப் பார்த்துவிட்டு மற்ற நாடுகளின் வரிசையைப் பார்த்தால் இத்தனை கையெழுத்து யாருக்காக என்று தோன்றாமல் இருக்காது. அரசுகளுக்கும் உறைத்தது, பல நாடுகள் தேவையில்லாத படிகளை வெட்டின.

சரி, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னால் உள்ள விளக்கத்தைப் படித்தேன். அங்கேதான் எனக்கு இடித்தது. பெரும்பாலான நாடுகளில் ஒரே ஒரு நகரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மக்கள்தொகை 10 கோடிக்கு மேல் என்றால் இரண்டு நகரம். இந்தியா 142இலிருந்து 63க்கு ஏறியது என்று கொண்டாடினோமே, அது மும்பையும் தில்லியும் ஏறிய கணக்கு. கட்டட அனுமதிக்கு 1,300.6 சதுர மீட்டரில் ஒரு கற்பனைக் கிடங்கு. அதன் உரிமையாளருக்கு எல்லா விதியும் முன்கூட்டியே தெரியும், ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டார் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. செலவுக் கணக்கில் லஞ்சம் சேராது என்றும் எழுதியிருக்கிறார்கள்!

இந்த மாதிரி எண்ணிப் பார்க்கும் வேலைக்கு முன்னோடி என்று எல்லோரும் சொல்வது பெருவின் பொருளாதார நிபுணர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழுவை. 1983இல் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய நிஜமாகவே ஆள் அனுப்பி அலைந்து பார்த்தார்கள். 289 நாள் ஆனது. வழியில் பத்து முறை லஞ்சம் கேட்கப்பட்டது, இரண்டு முறை கொடுக்காமல் நகர முடியவில்லை. அவர்கள் கால் தேய நடந்து எண்ணினார்கள், உலக வங்கி வக்கீல்களிடமும் கணக்காளர்களிடமும் படிவம் கொடுத்து எண்ணியது.

உலக வங்கியே நிறுவனங்களிடம் நேராகக் கேட்டு எடுக்கும் இன்னொரு கணக்கெடுப்பும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மேரி ஹால்வர்ட்-டிரைமியர், லான்ட் பிரிட்செட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டியல் சொல்லும் நாளுக்கும் நிறுவனங்கள் சொன்ன நாளுக்கும் ஒட்டுறவே குறைவு. அதைவிட முக்கியம், ஒரே நாட்டில் ஒரே அனுமதிக்கு ஒருவருக்குச் சில நாள், இன்னொருவருக்குப் பல மாதம். எனக்கு இதுதான் மொத்த விஷயமும். விதி கடுமையாக இருந்தால்கூடக் கணக்குப் போட்டு, கடன் வாங்கி, ஆளெடுத்துவிடலாம். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது என்றால், வாடகையை மட்டும் கொடுத்துக்கொண்டு பூட்டிய கடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பட்டியலில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அப்புறம் அந்த முறைகேடு. 2018, 2020 பதிப்புகளில் சில நாடுகளின் தரவைத் திருத்தியிருந்தார்கள் என்று விசாரணையில் வெளியே வந்தது. 2018 பதிப்பில் சீனா 85ஆம் இடத்துக்குப் போயிருக்க வேண்டியது, 78இலேயே நின்றது. ஆட்களை அளக்கப் போன தராசிலேயே விரலை வைத்த கதை.

மாற்றாக 2024 அக்டோபரில் 'பி-ரெடி' என்று உலக வங்கியின் புது அறிக்கை வந்தது. முதல் பதிப்பில் 50 நாடுகள்தான் இருந்தன, தேடும் நாடு அதில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். ஒன்று, இரண்டு என்று ஒட்டுமொத்த வரிசை கிடையாது, அது நல்லதுதான். விதி எப்படி, அரசு தரும் சேவை எப்படி, நடைமுறையில் எப்படி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், நிறுவனங்களிடமும் நேரடியாகக் கேட்கிறார்கள். விதி அழகாக இருந்து சேவை பின்தங்கிய நாடுகள் இதில் பளிச்சென்று தெரிகின்றன. படிக்கத்தான் ரொம்பக் கனம், தொழில் தொடங்கப் போகிறவருக்காக எழுதியது மாதிரி இல்லை. பழசுக்கு 5க்கு 2, புதுசுக்கு 3 கொடுப்பேன்.

நண்பரிடம் புது அறிக்கையை அனுப்பிவிட்டு, அங்கே ஏற்கெனவே தொழில் செய்கிறவர்கள் மூன்று பேரிடம் கடைசியாக உரிமம் புதுப்பிக்க எத்தனை நாள் ஆனது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இதுவரை இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர் நாலு நாள் என்றாராம், இன்னொருவர் ஏழு மாதம்.