அப்பாவின் பிஸ்டலைப் பாலிஷ் போடக் கொடுத்தேன், நம்பரே போய்விட்டது

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் நெல்லை, தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா, தாத்தா காலத்து வெளிநாட்டு பிஸ்டல் கையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து நான் விலைக்கு வாங்கிய வினை இது.

என்னிடம் இருப்பது அமெரிக்காவின் கோல்ட் (Colt) கம்பெனி செய்த 1903 பாக்கெட் மாடல். ஜான் பிரௌனிங் வடிவமைத்த செமி ஆட்டோமேட்டிக். .32 தோட்டா, அதை அடுக்கும் மேகசினில் எட்டு பிடிக்கும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல், ஸ்லைடு எனும் மேல்பக்கம் நகரும் இரும்புக்குள் மறைந்திருக்கும், வெளியே தெரியாது. 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எண்பதுகளில் தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியாவது பெரும்பாலும் நின்றுபோனதால், நம் நாட்டில் இருப்பதெல்லாம் கைமாறிக் கைமாறி வந்தவைதான். அப்பா 1968இல் மாஞ்சோலை மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் முறைப்படி வாங்கினார். அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ரைஸ் மில் இருந்தது. பிசான அறுவடை முடிந்ததும் நெல் வாங்கப் பணத்தோடு ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்தார். ஒரு நாளும் மனிதர் மேல் நீட்டியதில்லை.

ஸ்லைடின் இடதுபக்கம் பின்கோடியில் ஒரு குதிரை பொறித்திருக்கும். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. அப்பா எண்ணெய் போட்டுத் துடைக்கும் நாட்களில், மேகசினைக் கழற்றி, சேம்பரில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தக் குதிரை மேல் வைப்பார். நகம் பட்டால் கால் தனியாக, வால் தனியாகத் தட்டுப்படும். அவ்வளவு ஆழமான பொறிப்பு. எனக்கு அந்த பிஸ்டல் என்றாலே அந்தக் குதிரைதான்.

2017இல் அப்பா காலமானார். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. கையில் வந்தபோது ஸ்டேஷன் பீரோவில் இருந்த இரண்டு வருஷத்தில் ஸ்லைடில் மிளகு தூவினாற்போல் துரு. சுட்டதும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ரேஞ்சில் சுட்டுப் பார்த்தபோது தோட்டாவின் காலி உறை இரண்டு தடவை வெளியே விழாமல் மாட்டிக்கொண்டது. ஸ்பிரிங் மாற்ற வேண்டும், துருவை எடுக்க வேண்டும். தேவை அவ்வளவுதான். அதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

2023 ஜூனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை, எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. மனு விசாரணையில் இருக்கிறது. கடைக்காரர் பிஸ்டலைக் கையில் வாங்கி, ஸ்லைடை இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத அப்படியே புதுசாக்கித் தாரேன். ப்ளூயிங் போட்டு, ஸ்பிரிங் செட் மாத்தி, புது கிரிப் போட்டா ஷோரூம் பீஸ் மாதிரி ஆயிரும் பாத்துக்கிடுங்க" என்றார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு பளபளப்பான ரிவால்வரைக் காட்டினார். எனக்கு ஆசை வந்துவிட்டது. பத்தாயிரம் முன்பணம் கொடுத்தேன். மூன்று வாரம் என்றார். ரசீது கேட்டேன். "பிஸ்டல் சர்வீஸ் - 1" என்று எழுதிக் கொடுத்தார். நம்பர் இல்லை, மாடல் இல்லை, உள்ளே என்னென்ன பாகம் இருந்தது என்று ஒரு வரி இல்லை. லைசென்ஸ் நகலை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டார். அதுவே போதும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் நான்கு மாதமானது. போன் பண்ணினால் "ப்ளூயிங் காயுது" என்பார். ப்ளூயிங் என்பது பெயிண்ட் இல்லை, காய்வதற்கு. இரும்பின் மேல்தோலையே ரசாயனத்தால் கருநீலமாக மாற்றுகிற வேலை அது. இரும்பை எவ்வளவு பொறுமையாகக் கையால் தேய்த்துத் தயார் செய்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் நிறம் வரும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அக்டோபரில் வாங்கப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பாக மின்னியது. மீதி எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, துணியை விரித்து, வழக்கம்போல விரலைக் குதிரை மேல் வைத்தேன்.

நகத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். குதிரையின் முதுகும் கழுத்தும் நிழல் மாதிரி இருந்தன. முன்னங்கால் இரண்டும் இல்லை. அதே பக்கம் கம்பெனிப் பெயரும், பேட்டன்ட் தேதிகளாக 1897, 1903 என்றும் இரண்டு வரி இருக்கும். முதல் வரி பாதி அழிந்து, இரண்டாம் வரி எழுத்துகள் சோற்றுப்பருக்கை மாதிரி ஊதிக் கிடந்தன. ஸ்லைடின் விளிம்பு முன்பெல்லாம் விரலை உறுத்தும். இப்போது சோப்புக்கட்டி மாதிரி வழவழத்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் காலையில் என் சித்தப்பா ஒருவரிடம் கொண்டுபோனேன். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர், கையால் தொட்டே சொல்லிவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஏல, இத யார்ட்ட குடுத்த? பஃப் வீல்ல வச்சு ஓட்டிருக்கான்" என்றார். பம்பருக்கும் பித்தளைக் குழாய்க்கும் பாலிஷ் போடும் சக்கரத்தில் வைத்தால் துரு மட்டும் போகாது, கூடவே இரும்பும் போகும். எழுத்து அழியும், மூலைகள் மழுங்கும், திருகு துளையின் ஓரம் குழிந்துவிடும். இழந்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. மேலே பூசியிருந்தது பாட்டிலில் வரும் மலிவான ப்ளூ. வெள்ளைத் துணியால் நாலு தடவை துடைத்தார், துணி கறுத்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டு, சுவரை நோக்கிப் பிடித்தார். இந்த மாடலில் கைப்பிடியின் பின்புறம் ஒரு கிரிப் சேஃப்டி உண்டு. உள்ளங்கை அதை அழுத்தாமல் விசையை இழுத்தால் சுத்தியல் விழக் கூடாது. அவர் இரண்டு விரலால் மட்டும் பிடித்து விசையை இழுத்தார். டக் என்று விழுந்தது. "விசைய மெதுவாக்குதேன்னு உள்ள அரம் போட்டிருக்கான்" என்றார். இந்த பிஸ்டலில் சுத்தியல் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதே வெளியிலிருந்து தெரியாது. அந்தச் சேஃப்டியை நம்பித்தான் அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் போனார். வேலை முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தால் முதலில் காலியாக்கி இதைச் சோதியுங்கள், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மேகசினும் என்னுடையது இல்லை. அதே அளவில் உள்ளூரில் மடித்துச் செய்த தகரம். கைப்பிடியில் இருந்த வால்நட் கட்டை கிரிப்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போட்டிருந்தார்கள். மாற்றச் சொன்ன ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்தான், இழுத்து நீட்டியிருந்தார்கள். கடையில் போய்க் கேட்டேன். "பழைய கட்டை உளுத்துப் போச்சுண்ணாச்சி, தூரப் போட்டாச்சு" என்றார். மேகசின் பற்றிக் கேட்டதற்கு, நான் கொண்டுவந்ததே அதுதான் என்று அடித்துச் சொன்னார். என்னிடம் இருந்தது "பிஸ்டல் சர்வீஸ் - 1". அதை வைத்து என்ன வாதாடுவது? பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. கடைக்கு விற்பனை லைசென்ஸ்தான். பாலிஷ் வேலைக்கு என் பிஸ்டல் பின்தெருவில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத பட்டறையில் என் துப்பாக்கி எத்தனை நாள் கிடந்தது, யார் யார் கை பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவு நடந்தும் நான் பார்க்கத் தவறியது ஒன்று. குதிரை, கட்டை, மேகசின் என்று மனசு அதிலேயே சுற்றியதால் ஸ்லைடுக்குக் கீழே உள்ள பிரேமில் இருக்கும் நம்பரை உன்னிப்பாகப் பார்க்கவில்லை. கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஏதோ இலக்கங்கள் இருப்பதுபோல் தெரிந்தது, விட்டுவிட்டேன்.

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போனேன். ரைட்டர் பதிவேட்டை விரித்து, "நம்பர் சொல்லுங்க சார்" என்றார். லைசென்ஸ் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "புக்ல உள்ளது இருக்கட்டும், துப்பாக்கில உள்ளத வாசிங்க" என்றார். அந்த ஐந்து மாதத்தில் பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. வாசித்தேன். முதல் மூன்று இலக்கம் சரியாக இருந்தது. நான்காவது மூன்றா எட்டா தெரியவில்லை. கடைசி இலக்கம் இருந்த இடத்தில் வெறும் பளபளப்பு. ரைட்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அதே ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவை அவர்தான் எனக்கு விளக்கினார். துப்பாக்கியில் உள்ள பெயரையோ நம்பரையோ அடையாளக் குறியையோ அழிப்பது குற்றம். அது மட்டுமில்லை, குறி அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அதாவது நான்தான் குற்றவாளி, நான் இல்லை என்று நானே காட்ட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு டிராஃபிக் அபராதம்கூடக் கட்டாதவன், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது அப்பாவின் பழக்கம். 1968 விற்பனைக் கடிதத்தை அவர் தூக்கி எறியவில்லை. பழைய லைசென்ஸ் புத்தகங்கள் அத்தனையையும் மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதே நம்பர், ஆபீஸ் முத்திரையோடு. கடைக்குக் கொடுப்பதற்கு முந்தின வாரம் என் மகன் செல்போனில் எடுத்த ஒரு படமும் இருந்தது. துருவைக் காட்டுவதற்காக எடுத்தது, ஓரத்தில் நம்பர் முழுசாக விழுந்திருந்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்து, கடை ரசீதோடு மனு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள், உடனே வழக்கு என்று போகவில்லை. ஆனால் ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை முடிந்து எல்லோரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கொக்கிரகுளத்துக்கு மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துப்பாக்கியை வேலைக்குக் கொடுக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், நம்பரைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். ரிப்பேர் லைசென்ஸைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ரசீதில் நம்பரும் மேகசினும் கிரிப்பும் எழுதப்படாவிட்டால் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், கடைக்காரர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும். பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். லேசான துருவுக்கு நல்ல எண்ணெயும் பருத்தித் துணியும் பொறுமையும் போதும். சாரல் காலத்தில் தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் சித்தப்பா எனக்குச் சொன்னது, எல்லாம் கைமீறிப் போன பிறகு.

இன்னொரு உதவி. அந்த வால்நட் கிரிப்பைத் தூரப் போட்டதாக நான் நம்பவில்லை. இரண்டு கட்டையிலும் சின்னக் கட்டங்களாகக் கொத்தியிருக்கும், குதிரை போட்ட வெள்ளி நிற வட்டம் பதித்திருக்கும். இடது கட்டையில் திருகுக்குக் கீழே ஒரு நெல்மணி நீளத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு உண்டு. மில் கல்லாப்பெட்டியின் மூடி ஒரு நாள் அப்பா கையோடு சேர்த்து விழுந்ததில் ஏற்பட்டது. அந்தத் தழும்போடு ஒரு ஜோடி எங்கேயாவது விற்பனைக்கு வந்ததாகக் கண்ணில் பட்டால், விலை பேச வேண்டாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.