ரப்பரைக் கிழிக்காத புல்லர்

என் பழைய ஸ்விஃப்ட் காரில் டை ராட் எண்டை, அதாவது ஸ்டியரிங் கம்பி முன்சக்கரத்தோடு சேரும் ஜாயின்டை, கழற்ற முதலில் வாங்கியது கவட்டை மாதிரி இருக்கும் ஃபோர்க். சுத்தியலால் நாலு அடி. ஜாயின்ட் வந்தது, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையும் கிழிந்தது. பழசைத் தூக்கி எறிவதென்றால் பரவாயில்லை, எனக்கு அதையே திரும்ப மாட்ட வேண்டும்.

அப்புறம் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சின்னக் கடை. "என்ன வண்டி தம்பி? வாய் அகலம் பார்த்து வாங்குங்க" என்று கடைக்காரர் திருகை இறுக்கி ஜாயின்டைத் தள்ளிக் கழற்றும் புல்லரை எடுத்துக் கொடுத்தார். நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் விட்டு, 19 ஸ்பேனரால் திருகை இறுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம், இறுகியிருந்த கூம்பு முனை (டேப்பர்) விட்டுவிட்டது. ரப்பர் உறையில் ஒரு கீறல் இல்லை. திருகு மட்டும் காய்ந்து கிடந்தது. கிரீஸ் நாமே தடவிக்கொள்ள வேண்டும்.