இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்ற எந்த மென்பொருள்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நம் தமிழ்த் தட்டுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும். அதையும், காசு கொடுத்து வாங்கிய இன்னொரு மென்பொருளையும் சில வருடங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் அலமாரிக்கு மேல் ஒரு பெட்டி தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை. எங்கள் வீட்டுத் தட்டுகளோடு அவர்கள் தருவதையும் சேர்த்தே ஏற்றி வருகிறேன்.

காசு கொடுத்த மென்பொருளின் பெரிய வசதி, இணையத்தில் ஆல்பத்தைத் தேடி, பாட்டுகளின் பெயரையும் நீளத்தையும் எடுத்து, தானே வெட்டித் தருவது. எல்பி எனப்படும் பெரிய ஆங்கிலத் தட்டுக்கு அருமையாக வேலை செய்யும். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு வரும் நம் சிறு தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் இபிகளைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தாலும் ஆளுக்கொரு விதமாக ரோமன் எழுத்தில் எழுதிய பெயர். எப்படியும் கையால்தான் அடிக்க வேண்டும். ஆடாசிட்டியில் பாட்டு தொடங்கும் இடத்தில் கண்ட்ரோலையும் பி-யையும் அழுத்தித் தமிழிலேயே பெயர் எழுதிவிடலாம். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது இப்படி எழுதிய லேபிளே கோப்பின் பெயராகி, பாட்டுகள் தனித்தனியாக வந்துவிடும்.

அடுத்தது இரைச்சல். இங்குள்ள ஈரக்காற்றில் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடித்த தட்டுகள் நிறைய. முதலில் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவாத தட்டை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. அதன் பிறகும் படபடவென்ற சத்தம் மிஞ்சும். அதற்குத் தானியங்கி நீக்கியை முழு வேகத்தில் விட்டால் தவில், கடம், மிருதங்கம் மூன்றும் மழுங்கிப் போகும். தோலிலோ கடத்திலோ விழும் அடியின் முதல் கணமும் கீறலின் சத்தமும் மென்பொருளுக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: கீறல் ஈர்க்குச்சி மாதிரி ஒற்றைக் கோடாக எழும்பி அங்கேயே முடிந்துவிடும். தவிலின் அடி எழும்பிய பிறகு அதிர்ந்து அதிர்ந்து அடங்கும். அதனால் தானியங்கியின் உணர்திறனைக் குறைத்து வைத்து ஒரு தடவை ஓட்டுவேன். மீதியைக் காதால் கேட்டு, அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுப்பேன். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள்களைத்தான் சரிசெய்யும். வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லி வினாடி. நாதஸ்வரத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்துக்கே ஒரு மாலை முழுவதும் போய்விடும். ஆனால் தவில் தவிலாகவே இருக்கும், எனக்கு அதுதான் முக்கியம்.

பின்னணி உஸ் சத்தத்தை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. அதை முழுக்கத் துடைத்தால் பாடுபவரின் மூச்சும் கூடவே போய்விடுகிறது.

மென்பொருளுக்கு வெளியேயும் சில விஷயங்கள் இருக்கின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பல வீடுகளில் நின்றுவிடுகிறது. பலகைத் தரை என்றால் ரெக்கார்டு ஆகும்போது யாரும் நடக்கக் கூடாது. செம்பனைக் குலை லாரி போகும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஒலி உச்சத்தை மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவிடாமல் வையுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டுக்கு அகலமான ஊசி தனியாக வேண்டும், எல்பி ஊசியை அதில் வைக்கவே கூடாது.

ஆடாசிட்டியின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதியதுக்கு மாறிவிடுங்கள். 2021-இல் வந்த 3.0 முதல் ஒரு திட்டம் முழுவதும் ஒரே கோப்பு. அதற்கு முன்பு கூடவே வரும் தரவு ஃபோல்டரை விட்டுவிட்டு பெண்டிரைவில் நகலெடுத்தால் பாட்டே இருக்காது. மாலை இடியில் கரண்ட் போனாலும், மறுபடி திறக்கும்போது பதிவானதை மீட்டுத் தருகிறது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பில் 20 நிமிடப் பக்கம் ஏறக்குறைய 700 எம்பி எடுக்கும். ஃபிளாக் (FLAC) என்ற சுருக்கிய கோப்பு வகையில் தரம் குறையாமல் இடம் நன்றாக மிச்சமாகும், பாடகர் பெயரையும் தமிழிலேயே உள்ளே எழுதலாம். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு எம்பி3 எடுத்துக் கொடுக்கிறேன். பழைய கார் பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருவதால், காருக்கான பெண்டிரைவில் மட்டும் பெயர்களை ரோமன் எழுத்தில் வைக்கிறேன்.