விழுந்த முதியவருக்குத் தலை ஸ்கேன் தேவையா: ஃபால்ஸ் டிசிஷன் ரூல் எப்படி?

நடக்கும்போது தடுக்கி விழுந்த 80 வயதுக்காரர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், தலைக்கு சிடி ஸ்கேன் யாருக்குத் தேவை என்று சொல்லும் பழகிப்போன விதியான கனடியன் சிடி ஹெட் ரூல் கைகொடுக்காது. 65 வயதைத் தொட்டாலே அது ‘அதிக ஆபத்து’ என்றுவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களோ 2001-இல் வந்த அதன் மூல ஆய்விலேயே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2023-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியானதுதான் ஃபால்ஸ் டிசிஷன் ரூல்.

சமதரையிலோ, நாற்காலியிலிருந்தோ, கட்டிலிலிருந்தோ விழுந்த, 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு இது பொருந்தும். விழுந்தபோது தலையில் அடிபடவில்லை, விழுந்தது நினைவிருக்கிறது, நரம்புப் பரிசோதனையில் புதிதாகக் கோளாறு இல்லை, உடல் தளர்ச்சியை அளக்கும் கிளினிக்கல் ஃப்ரெயில்டி ஸ்கேலில் (எண் கூடினால் தளர்ச்சி அதிகம்) மதிப்பெண் 5-க்குக் கீழே. நான்கும் சரியாக இருந்தால் தலைக்கு சிடி எடுக்காமல் விடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறாரா என்பது கணக்கில் வராது. இந்த விதியின் பெரிய பலமே அதுதான்.

கனடா, அமெரிக்காவில் 4308 பேரிடம் நடந்த ஆய்வு இது. 139 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு இருந்தது. விதியின் உணர்திறன் (கசிவு உள்ளவர்களைத் தவறாமல் பிடிக்கும் திறன்) 98.6 சதவீதம், அதாவது 139-இல் 2 பேரை விதி தவறவிட்டிருக்கும். குறிப்புத்திறன் (கசிவு இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன்) 20.3 சதவீதம்தான். கசிவு இல்லாத ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டுமே ஸ்கேனைத் தவிர்க்கலாம். ஸ்கேன் வரிசை பாதியாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதோடு, விதியை உருவாக்க எடுத்துக்கொண்ட நோயாளிகளிடமே பார்த்த எண்கள் இவை. வேறு மருத்துவமனையில் சற்று மாறலாம்.

நடைமுறையில் அதிகம் சறுக்குவது ஃப்ரெயில்டி மதிப்பெண்ணில். படுக்கையில் வலியோடு கிடப்பவரைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அது தவறு. விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு அவர் எப்படி இருந்தார் என்பதற்குத்தான் மதிப்பெண். வீட்டாரிடம் கேளுங்கள்: பணக் கணக்கை அவரே பார்த்தாரா, வெளியே தனியாகப் போய்வந்தாரா, மாத்திரையைத் தானே பிரித்து எடுத்தாரா? இவற்றுக்குத் துணை தேவைப்பட்டிருந்தால் குறைந்தது 5; விதிப்படி ஸ்கேனைத் தவிர்க்க முடியாது. உடன் யாரும் இல்லையென்றால் ஊகித்து 4 போடுவதைவிட ஸ்கேன் எடுப்பது மேல்.

அடுத்தது நினைவு. “விழுந்தது ஞாபகம் இருக்கா?” என்றால் பெரும்பாலும் “இருக்கு” என்றே பதில் வரும். எங்கே நின்றீர்கள், எதைப் பிடித்தீர்கள், எந்தப் பக்கம் தரையில் பட்டது என்று வரிசையாகக் கேட்டால்தான் இடைவெளி வெளிப்படும். மறதிநோய் இருந்து, விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் ‘அடிபடவில்லை’ என்று குறிக்க வழியே இல்லை. பேச்சை மட்டும் நம்பாமல் முடியை விலக்கிப் பின்மண்டை வரை விரலால் தடவிப் பாருங்கள்; வீக்கம் தட்டுப்பட்டால் அடிபட்டதாகவே கொள்ளுங்கள். பழைய பக்கவாதம் உள்ளவரிடம் எது புதிது என்பதற்கும் வீட்டார்தான் சாட்சி.

இது கழுத்தெலும்பைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்கேன் இல்லாமல் அனுப்பும்போது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், புதிய தள்ளாட்டம் எது வந்தாலும் உடனே திரும்பச் சொல்லி, அதைக் காகிதத்தில் எழுதி உடனிருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.