தொப்பி வைத்த க்ளோக்: அரை வட்டமா, முக்கால் வட்டமா, முழு வட்டமா?

க்ளோக், அதாவது கழுத்தில் மாட்டித் தோளிலிருந்து தொங்கும் கையில்லாத மேலங்கி, தைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மீட்டர் துணி எடுக்கணும் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தத் துணியின் எடை உடம்பில் எங்கே உட்காரப் போகிறது? மந்திரவாதி வேஷமோ துறவி வேஷமோ, அரை மணி நேரத்தில் கழற்றி மடித்து வைத்துவிடத் தோன்றினால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

கணக்குக்காக இரண்டு அளவுகளை வைத்துக்கொள்வோம்: கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ., துணியின் அகலம் 150 செ.மீ.

அரை வட்டத்துக்கு 3 மீட்டர் போதும். துணியை விரித்து, நீள ஓரத்தின் நடுவில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி வளைவு போட்டுவிடலாம். கழுத்துக்கு 12.7 செ.மீ. ஆரத்தில் இன்னொரு சின்ன வளைவு. மிச்சமாகும் நீளம் ஏறக்குறைய 137 செ.மீ. நடுத்தர உயரமுள்ளவருக்குக் கணுக்கால் வரை வரும். உடம்புப் பகுதியில் ஒரு மூட்டுத் தையல்கூட இல்லை. துணி 110 செ.மீ. அகலம்தான் என்றால் நீளம் 97 செ.மீ.க்கு இறங்கிவிடும், ஒட்டுப் போடாமல் தரைவரை போகாது.

முக்கால் வட்டம் என்பது மூன்று கால் வட்டத் துண்டுகள், 4.5 மீட்டர். முழு வட்டத்துக்கு அதே கால் வட்டம் நான்கு வேண்டும், 6 மீட்டர். கழுத்து அதே 40 செ.மீ.க்கு வர, கழுத்து வளைவின் ஆரம் மட்டும் இவற்றில் சிறிதாகும். அம்பர்லா கட்டிங் பாவாடை வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தொப்பிக்கு எல்லாவற்றிலும் தனியாக ஒரு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி தோளுக்கு வருவோம். கழுத்திலிருந்து 20 செ.மீ. கீழே ஒவ்வொரு வெட்டிலும் துணி எவ்வளவு சுற்றளவு தருகிறது என்று பாருங்கள். அரை வட்டத்தில் 103 செ.மீ., முக்கால் வட்டத்தில் 134, முழு வட்டத்தில் 166. கைகளையும் சேர்த்து அளந்தால் பெரியவர்கள் பலருக்குத் தோள் சுற்றளவு 100 முதல் 120 செ.மீ. வரை வரும். அதனால் அரை வட்டம் கழுத்தில் சரியாக மூடினாலும் தோளுக்குக் கீழே முன்பக்கம் பிரிந்து நிற்கும். கையைத் தூக்கினால் இன்னும் விலகும். உள்ளே போட்டிருக்கும் உடை தெரிய வேண்டிய வேஷம் என்றால் இது குறையே இல்லை. ஆனால் தலை முதல் கால் வரை மூடிய ஓர் உருவமாக நிற்க வேண்டும் என்றால் அரை வட்டம் கைகொடுக்காது.

அப்புறம் எடை. சதுர மீட்டருக்கு 400 கிராம் இருக்கும் கம்பளித் துணியில் வெட்டினால் அரை வட்டம் 1.4 கிலோ, முக்கால் வட்டம் 2.1 கிலோ, முழு வட்டம் 2.8 கிலோ. இதில் தொப்பியும் லைனிங்கும் சேரவில்லை. முழு வட்டம் சுழன்று திரும்பும்போது விரிகிற அழகே தனி, மறுக்க முடியாது. ஆனால் கீழ் ஓரம் மட்டும் 9.4 மீட்டர். வளைவான ஓரத்தை அகலமாக மடித்தால் சுருங்கி இழுக்கும். 1 செ.மீ.க்கு மேல் மடிக்காமல், இல்லையென்றால் கிராஸ் பீஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்து, அந்த 9.4 மீட்டரையும் அடிக்க வேண்டும். அதற்கு முன் துணியை ஒரு நாளாவது தொங்கவிட்டாக வேண்டும். கிராஸாக வரும் இடங்கள் தன் எடையிலேயே இழுபட்டுக் கீழிறங்கும், தொங்கவிட்ட பிறகு அவற்றைச் சமமாக வெட்டினால்தான் ஓரம் நேராக நிற்கும். அரை வட்டத்தில் இப்படி இறங்கும் இடங்கள் இரண்டு, முழு வட்டத்தில் நான்கு.

என் ஓட்டு முக்கால் வட்டத்துக்கு. முன்பக்கம் மூடும், நடக்கும்போது போதுமான அளவு அசையும். நடுத் துண்டை முதுகுக்கு வைத்தால் இரண்டு மூட்டுகளும் பக்கவாட்டில் போய் மறைந்துகொள்ளும். மெல்லிய கிரேப் துணியாக இருந்தால் மட்டும் முழு வட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம், எடைப் பிரச்சினையே அங்கே கிடையாது.

வட்டமே வேண்டாம், செவ்வகத் துண்டைச் சுருக்கிக் கழுத்தில் தைத்துவிடலாம் என்றும் சொல்வார்கள். துணி துளியும் வீணாகாது, கிராஸ் இழுப்பும் இல்லை. ஆனால் 3 மீட்டர் அகலத்தை 40 செ.மீ.க்குள் சுருக்குவது ஏழரை மடங்கு சுருக்கு. மெல்லிய பருத்திக்குத் தாங்கும், கம்பளியில் கழுத்தைச் சுற்றி ஒரு மூட்டையே கட்டினதுபோல ஆகிவிடும். இந்த வழிதான் என்றால் தோளுக்குத் தனியாக ஒரு பட்டி வெட்டி, அதன் 110 செ.மீ. கீழ் ஓரத்தில் சுருக்கைக் கொடுங்கள். சுருக்கு மூன்று மடங்குக்கும் குறைந்துவிடும், எடையும் தோளில் இறங்கும்.

துணி விஷயத்தில் வெல்வெட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெல்வெட்டின் மயிர் ஒரு திசையில் சாய்ந்திருக்கும், திசை மாறினால் நிறம் மாறித் தெரியும். அரை வட்டத்தை ஒரே துண்டாக வெட்டும்போது இரண்டு முன் ஓரங்களும் துணியின் நீளவாக்கில் எதிரெதிராகப் போகின்றன. ஒரு பக்கம் மயிர் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். வெளிச்சத்தில் நின்றால் இடது பாதி ஒரு சிவப்பு, வலது பாதி வேறு சிவப்பு. வெல்வெட் என்றால் வட்டத்தை மறந்துவிட்டு, மேலே குறுகிக் கீழே விரியும் கலிகளாக வெட்டி, எல்லாக் கலிகளையும் ஒரே திசையில் வைப்பதே சரி. மயிர் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். கசங்கின தோற்றத்திலேயே விற்கும் க்ரஷ்டு வெல்வெட்டில் மயிர் ஏற்கெனவே தாறுமாறாகக் கிடப்பதால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. தைக்கும்போது இரண்டு அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். குண்டூசியை மட்டும் நம்பாமல் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரியும் உள்பக்கம் மட்டும்தான், அடியில் ஒரு டவலை விரித்து.

நன்றாக அடர்ந்த கம்பளி பிரியாது, ஓரத்தை மடிக்காமலே விடலாம். ஃப்ளீஸும் பிரியாது, விலையும் இடிக்காது. ஆனால் குழைந்து விழாமல் பொம்மென்று நிற்கும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். லைனிங்குக்கு எல்லோரும் சாட்டினுக்குத்தான் போகிறார்கள். அது தோளில் வழுக்கும், தொப்பிக்குள் போட்டால் தலையிலிருந்து பின்னால் சரிந்துகொண்டே இருக்கும். தொப்பிக்காவது பருத்தி லைனிங் போடுங்கள்.

தொப்பியை இரண்டு துண்டில் வெட்டலாம், மூன்று துண்டிலும் வெட்டலாம். இரண்டு துண்டில் உச்சியில் ஒரே தையல், பின்னால் கூர்மையாக நிற்கும். காட்டுவாசி, சூனியக்காரி வேஷங்களுக்கு அந்தக் கூர்மை வேண்டும். மூன்று துண்டில் நடுவே 10 செ.மீ. அளவில் ஒரு நீளப்பட்டி வரும், தலையின் வடிவத்துக்கு உருண்டு உட்காரும், துறவிக்கு இதுதான். எதுவானாலும் முன் ஓரத்துக்கு வேண்டிய நீளத்தை டேப்பால் ஒரு கழுத்தெலும்பிலிருந்து உச்சந்தலை வழியாக மறு கழுத்தெலும்பு வரை தளர்வாக அளந்து எடுங்கள். முகத்தில் நிழல் விழ வேண்டும் என்றால் முன்னால் கூடுதல் ஆழம் விட்டு, ஓரத்தில் விறைப்புக்குக் கான்வாஸ் வையுங்கள். கான்வாஸ் இல்லாத ஆழம் கண் மேல் தொங்கும்.

கை வைத்த அங்கியா க்ளோக்கா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு: நாள் முழுக்கப் போடப் போகிறீர்கள், கையில் கோலோ புத்தகமோ பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அங்கிதான். எடை தோளில் உட்காரும், தொண்டையைத் தொடாது. துணியைத் தோளில் மடித்து டி வடிவில் வெட்டி, கை தடையில்லாமல் உயர அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் போதும், வளைவுக் கணக்கே வேண்டாம்.

க்ளோக்கேதான் வேண்டும் என்பவர்கள் கொக்கியைத் தொண்டைக் குழியில் வைக்காமல் கழுத்தெலும்புக்குக் கீழே இறக்குங்கள். 2 கிலோவுக்கு மேல் போனால் உள்பக்கம் இரண்டு தோளிலும் ஒவ்வொரு நாடா தைத்து, மார்பில் குறுக்காக எடுத்து இடுப்பைச் சுற்றிப் பின்னால் முடிந்துகொள்ளலாம். வெளியே தெரியும் கொக்கி அப்போது வெறும் அலங்காரம். குழந்தைகளுக்குத் தைப்பதில் இந்த நாடா, கொக்கி, ரிப்பன் எதுவும் வேண்டாம். எங்காவது மாட்டி இழுத்தால் தானே பிரிந்துவிடும்படி கழுத்தில் சின்ன வெல்க்ரோ துண்டு, நீளம் முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில்.