இமாடினிப் 400 மி.கி.: மாத்திரை பாதி, ரிப்போர்ட் பாதி

ரத்தப் புற்றுநோய்க்கு வீட்டிலேயே தினம் ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று 1990-களின் தொடக்கத்தில் சொல்லியிருந்தால் டாக்டர்களே நம்பியிருக்க மாட்டார்கள். சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கு அப்போது இன்டர்ஃபெரான் ஊசி, இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று. இமாடினிப் என்ற அந்த மாத்திரை வந்த பிறகு நடந்த ஐரிஸ் ஆய்வில், மாத்திரையில் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் 10 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள்.

நோயின் மூலம் முன்பே பிடிபட்டிருந்தது. 1960-இல் பிலடெல்ஃபியாவில் ஆய்வாளர்கள் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் புரதம்தான் வெள்ளணுக்களை ஓயாமல் பெருக்குகிறது. 1993-இல் போர்ட்லண்டுக்கு மாறிய டாக்டர் பிரையன் டிரக்கர், சீபா-கைகி நிறுவனத்தின் நிக்கோலஸ் லைடனிடமிருந்து சேர்மங்களை வாங்கிச் சோதித்தார். அதில் ஒன்று (அதுதான் இமாடினிப்) அந்தப் புரதத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறு உட்காரும் குழியில் போய் உட்கார்ந்து அதை முடக்கியது. நோயாளிகள் குறைவு, சந்தை சிறிது என்று நிறுவனம் தயங்கியபோது அவர் விடாமல் நச்சரித்தார். ஆய்வகத்தில் செய்ததைவிட இதுவே பெரிய வேலை என்பேன். 1998 ஜூனில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்டர்ஃபெரான் பலிக்காதவர்களில் 300 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீரானது. 2001 மே 10 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி மாத்திரை. ஆரம்ப நிலை நோய்க்குத் தினம் ஒருமுறை 400 மி.கி. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட கையோடு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்க முடியாதவர்கள் 200 மி.லி. தண்ணீரில் போட்டு, கரண்டியால் கலக்கி, முழுதும் கரைந்தவுடன் குடித்துவிடலாம். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

காலையில் கண் இமை வீங்குவது, ராத்திரி கெண்டைக்காலில் பிடிப்பு, இவை இரண்டும் சகஜம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். சிலருக்குத் தோல் வெளுக்கும். நிறமிச் செல்களுக்குத் தேவையான கிட் என்ற புரதத்தையும் இந்த மருந்து தடுப்பதால் வருவது அது. 'கலர் வந்துவிட்டதே' என்று சொந்தக்காரர்கள் பாராட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் மாதம் வாரந்தோறும், இரண்டாம் மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 1,000-க்கோ பிளேட்லெட் 50,000-க்கோ கீழே போனால் டாக்டர் நிறுத்தி வைப்பார். 1,500-ஐயும் 75,000-ஐயும் எட்டியதும் மறுபடி தொடங்குவார். பயந்து நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் இமாடினிப்பைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். கிரேப்ஃப்ரூட் நேர்மாறு, அளவை ஏற்றிவிடும்; அதன் உறவான பம்ப்ளிமாஸையும் தள்ளி வையுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது.

விலை விஷயத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. இந்த மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் (சீபா-கைகி இணைப்பில் உருவான நிறுவனம்) கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்த வழக்குக் காலத்தில் நோவார்ட்டிஸின் இமாடினிப்பான கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், உள்ளூர் ஜெனரிக் 8,000 முதல் 10,000. தரமான ஜெனரிக் தாராளமாகப் போதும். மாதம் ஒரு கம்பெனி என்று தாவாதீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது பிசிஆர்-ஏபிஎல் அளவு. (தமிழில் எழுதினால் ஒரு சங்கடம்: மரபணுவும் பிசிஆர் (BCR), அதை அளக்கும் டெஸ்டும் பிசிஆர் (PCR).) 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சர்வதேச அளவுகோலில் சதவீதம் போட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே லேபில் கொடுங்கள். 3 மாதத்தில் 10 சதவீதம், 6 மாதத்தில் 1, ஓராண்டில் 0.1 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும்.

வரவில்லை, அல்லது வந்தது மறுபடி ஏறுகிறது என்றால் முதலில் ஸ்ட்ரிப்பை எண்ணிப் பாருங்கள். பலருக்கு விட்ட மாத்திரை இருக்கும். மாத்திரைக் கணக்கு சரியாக இருந்தால் மரபணு மாற்ற டெஸ்ட். அதில் டி315ஐ என்ற மாற்றம் வந்தால், மருந்து உட்காரும் குழியின் வாசலே அடைபட்டுவிட்டது. 600, 800 மி.கி. என்று ஏற்றிப் பயனில்லை, பொனாடினிப் போன்ற வேறு மருந்துக்குத்தான் மாற வேண்டும்.