பி.டி.யா, பைபிள் காலேஜா, வீட்டிலிருந்தே படிப்பா? ஊழியத்துக்குப் படிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

"ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது, எங்கே படிக்கலாம்?" என்று கேட்கிற இளைஞருக்கு நம் சபைகளில் கிடைக்கும் பதில், பெரும்பாலும் பதில் சொல்கிறவர் படித்த கல்லூரியின் பெயர்தான். பி.டி. (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி என்ற இறையியல் பட்டம்) முடித்த ஐயர், அதாவது சபைக் குரு, பி.டி.தான் படிப்பு என்பார். பைபிள் காலேஜ் முடித்த பாஸ்டர், செமினரிக்கு (இறையியல் கல்லூரிக்கு) போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும் என்பார். சபையின் மூத்த விசுவாசி ஒருவர், பேதுரு எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்டுப் பேச்சையே முடித்துவிடுவார்.

முதலில் தெரிய வேண்டியது கல்லூரியின் பெயர் அல்ல, சபையின் பெயர். நாளை உங்கள் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்யப் போவது யார்? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை போன்ற பழைய சபைகள் என்றால் ஒரு கதை. பெந்தெகொஸ்தே, சுயாதீன சபை என்றால் முற்றிலும் வேறு கதை. பெந்தெகொஸ்தேக்காரர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைக்குச் சொந்தமாகவே பைபிள் காலேஜ்கள் உண்டு. சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷனில் செமினரி என்ற பேச்சே கிடையாது. அங்கே விசுவாச வீட்டில் சேர்ந்து, மூத்த ஊழியர்களோடு வாழ்ந்து பழகுவதுதான் பயிற்சி.

இரண்டு தாள்கள்

படிப்பு முடிவில் கையில் கிடைக்கும் சான்றிதழ்த் தாள் இரண்டு வகை. ஒன்று செராம்பூருடையது. கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818ல் வங்காளத்தில் தொடங்கியது செராம்பூர் கல்லூரி. அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமையை 1827ல் டேனிஷ் அரசரே சாசனமாகக் கொடுத்தார். பிறகு 1918ல் வங்காளத்தில் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த செராம்பூர் செனட்தான் இன்றுவரை பி.டி. பட்டம் தருகிறது. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, 1927ல் தரங்கம்பாடியில் பிறந்து பின்னர் சென்னை கீழ்ப்பாக்கத்துக்கு வந்த குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, 1910ல் தொடங்கிய பெங்களூரு யு.டி.சி. (யுனைடெட் தியாலஜிகல் காலேஜ்) எல்லாம் இந்தக் குடையின் கீழ்தான். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் 1963ல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியும் செராம்பூரோடு இணைந்ததே. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடக்கிறது.

மற்றொரு தாள், பைபிள் காலேஜ் பக்கம் நிற்கும் ஏ.டி.ஏ. உடையது. ஆசிய இறையியல் கழகம் என்று சொல்லலாம். 1970ல் உருவான அமைப்பு. இது பட்டம் தருகிற பல்கலைக்கழகம் அல்ல. சுவிசேஷ நோக்குள்ள, அதாவது வேதத்தை அப்படியே நம்பிப் போதிக்கும், கல்லூரிகள் சேர்ந்து, ஒருவர் தரத்தை ஒருவர் சோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடு. பட்டத்தைக் கல்லூரியே தரும். டிகிரி முடித்தவருக்கு எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) மூன்று வருடம், பிளஸ் டூ முடித்தவருக்கு பி.டிஎச். (பேச்சிலர் ஆஃப் தியாலஜி). செராம்பூர் பி.டி. என்றால் டிகிரிக்குப் பிறகு நான்கு வருடம். ஏ.டி.ஏ. தாளுக்குப் பின்னால் அரசுச் சட்டம் இல்லை என்பது உண்மை. அதனால் படிப்பு மட்டம் என்று ஆகிவிடாது. பெங்களூரு சயாக்ஸ் (SAIACS) 1982ல் தொடங்கிய இந்த வகைக் கல்லூரிதான். அங்கே முனைவர் ஆய்வு செய்கிறவர்கள் மைசூர் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள்.

கோடு அவ்வளவு நேராகவும் இல்லை. புனேயில் உள்ள யூனியன் பிப்ளிகல் செமினரி செராம்பூர் இணைப்புள்ளது, ஆனால் நிறம் சுத்த சுவிசேஷம். "செராம்பூர் என்றாலே லிபரல்", வேதத்தைச் சந்தேகிக்கிற கூட்டம், என்று பிரசங்க மேடையில் முழங்குகிறவர்கள் ஒருமுறை புனேக்கு ரயில் ஏறிவிட்டு வந்து பேசலாம்.

ஏசாயா ஒன்றுதான், வகுப்பறைதான் இரண்டு

உண்மையான வேறுபாடு தெரிவது வகுப்பில். ஏசாயா 40ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று தொடங்குகிற பகுதி. யு.டி.சி.யிலோ மதுரையிலோ பழைய ஏற்பாட்டு ஆசிரியர் இங்கே நிறுத்தி, இதற்கு முந்தைய பகுதியின் களம் அசீரியா மிரட்டிய எருசலேம், இதன் களம் பாபிலோன் சிறையிருப்பு, நடுவே ஏறக்குறைய 150 வருட இடைவெளி என்பார். பாரசீகத்துக் கோரேஸ் ராஜாவின் பெயர் 44, 45ஆம் அதிகாரங்களில் வருவதைக் காட்டி, இதை எழுதியவர் கோரேஸ் காலத்தில் வாழ்ந்த வேறொரு தீர்க்கதரிசி என்ற ஆய்வாளர் கருத்தை முன்வைப்பார். ஏ.டி.ஏ. கல்லூரி வகுப்பிலும் இதே கருத்தைச் சொல்லித்தருவார்கள். ஆனால் பெரும்பாலும் அதற்கு மறுப்போடு சேர்த்து. வருங்காலத்தைத் தேவன் முன்னறிவித்தார் என்று நம்பினால் கோரேஸின் பெயர் வருவதில் என்ன அதிசயம், ஏசாயா ஒருவர்தான் என்பது அவர்கள் வாதம். மோசேயின் ஐந்து ஆகமங்களை யார் எழுதினார், முதலில் எழுதப்பட்ட சுவிசேஷம் எது என்ற கேள்விகளிலும் இதே பிரிவுதான்.

ஞாயிறு பள்ளியிலிருந்து நேராக பி.டி. வகுப்புக்கு வருகிற பையனுக்கு முதல் வருடம் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும். அது நடக்கட்டும் என்பது என் கருத்து. சபையில் ஒரு கல்லூரிப் பெண் யூடியூபில் பார்த்துவிட்டு இதே கேள்வியைக் கேட்கும்போது, முதல் முறையாக அதைக் கேள்விப்படுகிறவராக ஐயர் இருக்கக் கூடாது. ஆனால் இடித்த சுவரைத் திரும்பக் கட்ட எல்லா வகுப்பிலும் நேரம் ஒதுக்குவதில்லை என்ற குறையும் நியாயமானதே. நான்கு வருடம் சூழலியல், தலித் இறையியல், பெண்ணிய வாசிப்பு எல்லாம் எழுதிக் குவித்துவிட்டு, ஒரு துக்க வீட்டில் பதினைந்து நிமிடம் வேதத்திலிருந்து பேசத் திணறும் இளம் ஆயர்களைக் கேட்டிருக்கிறேன்.

பைபிள் காலேஜ் மாணவருக்கு இந்தத் திணறல் குறைவு. வேதபகுதியைப் பிரித்து, பிரசங்கமாகக் கட்டுகிற பயிற்சி அங்கே வாராவாரம் உண்டு. வீதியில் இறங்கிப் பேசவும், புதுச் சபை தொடங்கவும் கற்றுத்தருகிறார்கள். பலவீனம் வேறு இடத்தில். சபை வரலாறு அப்போஸ்தலர் நடபடிகளில் முடிந்து, அடுத்த பக்கத்தில் லூத்தர் வந்து நிற்பார். நடுவே 1500 வருடம் மாயம். பக்கத்துத் தெரு கோயில் திருவிழாவைப் பற்றியும் சாதியைப் பற்றியும் சொல்லித்தர அங்கே பாடம் மெல்லியது. தமிழ்நாட்டுச் சபைக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் சேகரத்துக்கு (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிக்கு) போனால், கல்லறைத் தோட்டத் தகராறில் முதல் வருடமே தெரிந்துகொள்வார்.

மதுரையின் தனி வழி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ் வழியில் பி.டி. படிக்க முடிகிற மதுரைக் கல்லூரி 1969ல் உருவானது. நாசரேத்துக்குப் பக்கத்துத் திருமறையூரில் இருந்த கல்லூரியும், குருகுல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவும் சேர்ந்து பிறந்தது. சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துகின்றன. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அனுப்பி, நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க வைத்த கல்லூரி என்று அதற்குப் பெயர். பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையையே அமைத்துக் காட்டினார். பறை ஆலயத்துக்குள் வரலாமா என்று இன்றைக்கும் சில சபைகளில் சண்டை நடக்கிறது. அவர் அதை வழிபாட்டின் நடுவில் வைத்துவிட்டார்.

ஆனாலும் கொஞ்சம் ஆங்கிலம் வருகிற மாணவர் பெங்களூரைத்தான் பார்க்கிறார். காரணம் புரிகிறது. நூலகம் பெரியது, மிசோரத்துக்காரரும் ஒடிசாக்காரரும் பக்கத்து அறையில் இருப்பார்கள், மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் வாசல் திறக்கும். பேராசிரியராக விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சாத்தான்குளத்துப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ சபை நடத்தப் போகிறவருக்கு நான் மதுரையைத்தான் சொல்வேன். ஆங்கிலத்தில் படித்த இறையியல், பனைத்தொழிலாளி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர பல வருடம் ஆகிறது. சிலருக்கு வந்து சேர்வதே இல்லை. ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலமும் கூடவே வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தமிழில் நல்ல விளக்கவுரைகள் இன்னும் போதாது.

வேலையை விடாமல்

முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், மின்வாரியத்தில் வேலை, ஞாயிறு பிரசங்கம் செய்கிறார். இவருக்கு விடுதிப் படிப்பைச் சொல்வது கேலி. இந்தச் சிக்கல் புதிதல்ல. 1963ல் குவாதமாலாவின் பிரஸ்பிடேரியன் செமினரி, கிராமத்துச் சபைத் தலைவர்கள் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வர முடியாததால், பாடத்தை அவர்கள் ஊருக்கே கொண்டுபோனது. அந்த வழியை இந்தியாவில் பிடித்துக்கொண்டது டாஃப்டீ (TAFTEE) என்ற தொலைநிலை இறையியல் கல்வி அமைப்பு. 1971ல் தொடங்கி பெங்களூரிலிருந்து இயங்குகிறது. பாடப் புத்தகத்தை வீட்டில் படித்து எழுதி, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி வழிகாட்டி ஒருவரோடு விவாதிப்பது முறை. பி.டிஎச். ஆங்கிலத்தில், அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்புகள் தமிழிலும் உண்டு.

இதன் பலம், செவ்வாய்க்கிழமை படித்ததை ஞாயிற்றுக்கிழமை சபையில் சோதித்துப் பார்க்கலாம் என்பது. வாராந்திரக் கூட்டம் கலைந்தால் படிப்பும் கலைந்துவிடும், அது பலவீனம். ஆகவே சேருமுன் உங்கள் ஊரில் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று போய்ப் பாருங்கள். செராம்பூரும் வெளியிலிருந்து படிப்பவர்களுக்கென்று கிறிஸ்தவக் கல்விப் பட்டயமும் பட்டமும் தருகிறது. அவை நல்ல படிப்புகள். ஆனால் சி.எஸ்.ஐ. திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபை வட்டாரம்) குருப்பட்டத்துக்குக் கேட்பது பி.டி.யை.

முழுக்க இணையத்திலேயே முடிகிற ஆறு மாதப் படிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேத அறிவு கூடும், சரி. அதற்கடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் "கௌரவ டாக்டர் பட்டம்" விலை சொல்லி வரும். அதை வாங்கிப் போஸ்டரில் போட்டுக்கொண்டவர்கள் நம் ஊரில் குறைவா என்ன?

பெண்களுக்கு

வகுப்பறையில் இடம் எல்லா வழியிலும் உண்டு. பீடத்தில் அப்படியில்லை. சி.எஸ்.ஐ. 1970களிலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது, 2013ல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயராகவும் ஆனார். பல சுயாதீன சபைகளில் எம்.டிவ். முடித்த பெண்ணுக்குக் கிடைப்பது பெண்கள் கூட்டமும் ஞாயிறு பள்ளியும், இல்லையென்றால் "பாஸ்டரம்மா" என்ற பெயரும். ஊழியத்துக்குப் படிக்க வருகிற தங்கைகள் கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான்.

பாதியில் தடம் மாற நினைத்தால்

அதிகமானவர்கள் அடிபடுவது இங்கேதான். பைபிள் காலேஜில் பி.டிஎச். முடித்த ஒருவர் சி.எஸ்.ஐ.க்கு வர நினைத்தால், படித்ததில் எவ்வளவு கணக்கில் வரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதலிலிருந்து தொடங்கச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. எம்.டிவ்.வோடு செராம்பூரின் மேற்படிப்பான எம்.டிஎச்.க்குப் போவதும் நேர்வழி அல்ல.

பி.டி.யிலேயே இன்னொரு கண்ணி உண்டு. திருமண்டலம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர் ஒருவர், தன் செலவில் படிக்கிறவர் இன்னொருவர். வகுப்பும் பரீட்சையும் இருவருக்கும் ஒன்றே. முதலாமவர் சேகரக் கமிட்டியின் சிபாரிசு, தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி வந்தவர், படிப்பு முடிந்ததும் அவருக்கு ஒரு சேகரம் காத்திருக்கும். இரண்டாமவர் கையில் பட்டத்தோடு திருமண்டல அலுவலகப் படியேறிக்கொண்டிருப்பார். "முதலில் படித்து முடி தம்பி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதைக் கடிதமாகக் கேளுங்கள். நான்கு வருடத்தில் பேராயரும் மாறுவார், கமிட்டியும் மாறும்.